பின்சீட்டு இல்லாத வண்டி

போன வாரம் கிள்ளிப்பாலம் சிக்னலில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு முதுகைப் பார்த்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெள்ளைச் சட்டையின் நட்டநடுவில், இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும், சேற்றால் இழுத்த ஒரு கோடு. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. திருவனந்தபுரத்தில் மழைக்காலம் முழுக்க இந்தக் கோட்டோடு ஆபீஸ் போகிற ஒரே ஆசாமி எங்கள் அத்திம்பேர்தான். என் அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். இப்போதும் அவரை அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அதனால் அத்திம்பேர் என்றே எழுதுகிறேன்.

அந்தக் கோட்டை அக்கா வருஷக்கணக்காகத் துவைத்தாள். ராத்திரியே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பிரஷ் வைத்துத் தேய்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, மறுநாள் மறுபடியும் அதே கோடு. இப்போது தேய்த்துக் கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது. புதுக் கோட்டுக்கு அடியில் பழைய கோடுகளும் மங்கலாகத் தெரிந்தன. பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுத என்னால் முடியாது.

மனிதன் வண்டிக்குப் பின்னால் மட்கார்டு என்று ஒரு தகட்டை வைத்ததே இந்தக் கோடு விழாமல் இருக்கத்தான். அது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அத்திம்பேருக்கும் தெரியும். ஆனால் அவரால் எந்தப் பொருளையும் அது இருக்கிறபடி விட்டுவைக்க முடியாது. எதை எடுத்தாலும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் ஒரு பாகத்தைப் பிடித்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்பார். கேள்வி மாதிரி இருக்கும். யாரும் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாகம் அங்கே இருக்காது.

பெண் பார்க்க வந்த அன்றே இது எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். வலியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா கொண்டுவந்து வைத்த காபியில் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு டபராவைத் தள்ளி வைத்தார். "டபரா எதுக்கு மாமி? தேய்க்கறதுக்கு ஒரு பாத்திரம் ஜாஸ்தி" என்றார். அம்மா உருகிப்போய்விட்டாள். அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளைக்கு அரசாங்க ஆபீஸில் வேலை, கரமனை அக்ரஹாரத்தில் சொந்த வீடு, மாமியார் மாமனார் கிடையாது, குடி கிடையாது, போதாததற்குப் பாத்திரம் தேய்ப்பவள் மேல் கரிசனம். "பையன் தங்கம்டி" என்று சமையலறையில் வந்து சொன்னாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். டபரா இல்லாமல் சுடச்சுடக் காபி குடிக்கிற நாக்கை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது என் சைக்கிளால். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தவர் சைக்கிளைப் பார்த்தார். "இந்தக் கேரியர் எதுக்கு? செயின் கவர் எதுக்கு? வெறுதே வெயிட்டு." பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். ஆபீஸ் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் வைத்திருக்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அரை மணியில் சைக்கிள் எலும்பும் தோலுமாக நின்றது. ஆனால் பறந்தது. நிஜமாகவே பறந்தது. ஆரியசாலை ரோட்டில் பையன்களை முந்திக்கொண்டு போனேன். திங்கட்கிழமை புத்தகப் பையை எங்கே வைப்பது என்று பார்த்தபோதுதான் கேரியர் இல்லாதது உறைத்தது. அந்த வாரமே பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்தது. அதன்பிறகு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவரோடு பழகிய எல்லோரும் அப்படித்தான், அவர் கழற்றிப்போட்டது இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டோம்.

கரமனை வீட்டில் முதலில் போனது காலிங் பெல். "வரவேண்டியவா கதவைத் தட்டுவா, வரவேண்டாதவா எதுக்கு வரணும்?" அப்புறம் சமையலறை அலமாரியின் கதவுகள். திறந்து மூடுகிற நேரம் மிச்சமாம். பல்லிக்கும் அது வசதியாகப் போயிற்று. அப்புறம் கூடத்து நாற்காலிகள், இருந்த ஆள் கணக்குக்கு மேற்பட்டவை எல்லாம். நானும் அம்மாவும் போனால் அக்கா நின்றுகொண்டு பேசுவாள். குழந்தையைப் பற்றி அம்மா ஒரு தடவை ஜாடையாகக் கேட்டாள். அதற்கும் அதே குரலில், நாற்காலியைச் சொன்ன அதே குரலில், "இப்ப எதுக்கு?" என்றார். அக்கா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் தேய்க்கிற சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல முடியாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். குரலை உயர்த்த மாட்டார். கை நீட்டியதில்லை. யாராவது குறை சொன்னால், "சாரமில்லை" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுச் சிரிப்பார். பரவாயில்லை என்று அர்த்தம். அவருக்குப் பரவாயில்லை. அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய பைக். யாரோ விற்றதை வாங்கினார். நல்ல கனமான வண்டி, அகலமான நீள சீட்டு, பின்சக்கரத்தை முக்கால்வாசி மூடுகிற மட்கார்டு, பக்கத்தில் புடவை மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்பி வலை. வாங்கின வாரம் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தலை கலைந்து, கண்ணில் தூசு விழுந்து, வாயெல்லாம் பல். "பொன்முடிக்குப் போலாம்னு சொல்லியிருக்கார்டி" என்று என் காதில் சொன்னாள். இந்த ஊரிலேயே பிறந்தவள், பொன்முடி மலையைப் பார்த்ததில்லை. பஸ் எப்போதாவதுதான் போகும். அப்பா இருந்தபோது கூட்டிக்கொண்டு போகிறேன் போகிறேன் என்று சொல்லியே காலம் போய்விட்டது.

பொன்முடிக்குப் போகும் முன்பே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அக்ரஹாரத்து வீடுகள் தெரியுமல்லவா, தெருவில் அகலம் கொஞ்சம், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசல் இடைகழி வழியாக வண்டியை உருட்டிக் கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். கைபேசியில் வெளிநாட்டுக்காரன் எவனோ வண்டியை மொட்டையடிக்கிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சீட்டைத் தூக்கினார், விளக்கின் வயரைப் பிடுங்கினார், மட்கார்டைக் கழற்றினார். கட்டிங் மிஷினை வைத்து அதில் முக்கால் பாகத்தை அறுத்து எறிந்தார். மிச்சம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. மட்கார்டு போனதும் அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஃப்ரேம் குழாய் பின்னால் துருத்திக்கொண்டு தெரிந்தது. "இது எதுக்கு?" அதையும் அறுத்தார். புடவைக் கம்பி போயிற்று. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டையும் போயிற்று. இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளும் போயின. "முன்னாடி போறவனுக்குப் பின்னாடி என்ன வேலை?" என்றார்.

தீப்பொறி முற்றம் முழுக்கப் பறந்தது. அங்கேதான் அக்கா வேஷ்டியை விரித்து அரிசி வடாம் பிழிந்து காயவைத்திருந்தாள். அவள் கத்தினதும் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். வடாத்தின் மேல் கறுப்பாக இரும்புப் பொடி. உள்ளே போய் ஒரு காந்தத்தை எடுத்துவந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வரிசை வரிசையாக வடாத்தின் மேல் காந்தத்தை ஓட்டினார். பொடி வந்து ஒட்டிக்கொண்டது. "பாத்தியா? சாரமில்லை" என்றார். அந்த வருஷம் முழுக்க அக்கா வீட்டு வடாத்தைக் கடித்தால் பல்லில் நறநறவென்றது. வீட்டுக்கு வந்தவர்கள் கல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலை அழகாக இருந்தது. அறுத்த விளிம்பை அரம் வைத்து ராவி, உப்புக் காகிதத்தால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்ப்பார். பிசிறு தட்டினால் மறுபடியும் தேய்ப்பார். அப்போது அவர் முகத்தில் இருந்த பிரியத்தை அக்கா பக்கம் திரும்பும்போது நான் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்திருக்க மாட்டாள்.

பழைய சீட்டின் ஸ்பாஞ்சை ரொட்டி வெட்டுகிற கத்தியால் அறுத்துச் சின்னதாக்கினார், ஒரே ஒரு ஆள் உட்காருகிற மாதிரி, அடியில் இரண்டு ஸ்பிரிங் வைத்து. அதற்கு உறை தைக்க வேண்டும். தையல் மிஷின் அக்காவுடையது, கல்யாணத்துக்கு முன்பு ரவிக்கை தைத்துச் சம்பாதித்தவள். தடித்த ரெக்ஸின். ஊசி ஒவ்வொன்றாக உடைந்தது. கட்டம் கட்டமாகத் தையல் விழ வேண்டும் என்று படத்தைக் காட்டினார். அவளும் கட்டம் கட்டமாகத் தைத்துக் கொடுத்தாள். உறையை மாட்டிப் பார்த்தபிறகுதான் கேட்டாள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"உனக்குத் தனியா ஒண்ணு பண்ணித் தரேன். வேணும்னா மாட்டிக்கலாம், வேண்டாம்னா கழட்டிக்கலாம்."

தனக்கு இடமில்லாத சீட்டுக்குத் தானே உறை தைத்த பொம்பளை இந்த உலகத்தில் வேறு யாராவது இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

அந்த 'தனியா ஒண்ணு' வரவேயில்லை. அக்கா பஸ்ஸுக்குப் பழகிக்கொண்டாள். கல்யாணம், காது குத்து, சாவு, எதுவானாலும் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி வாசல் வரைக்கும் வருவார்கள். அவர் வண்டியை உதைப்பார். அவள், "நீங்க முன்னாடி போங்கோ, நான் வந்துடறேன்" என்பாள். அவர் போய்விடுவார். அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். அவர் மண்டபத்தில் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு, நாலு பையன்கள் வண்டியைச் சுற்றி நின்று படம் எடுக்க, அதன் மேல் கையை வைத்தபடி நிற்கும்போது அக்கா வேர்த்து விறுவிறுத்து வந்து சேருவாள். "தனியாவா வந்தே?" என்று யாராவது கேட்பார்கள். "இல்லையே, அவர் முன்னாடியே வந்துட்டார்" என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு சிரிப்பு உண்டு. 

ஆனாலும் அவள் ஹெல்மெட் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று கேரளத்தில் கெடுபிடி வந்த சமயம். தானே போய், தலைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சிவப்பு நிறத்தில் வாங்கினாள். பின்சீட்டே இல்லாதவளுக்கு ஹெல்மெட் எதற்கு என்று நான் கேட்டேன். "பண்ணித் தரேன்னிருக்காரே" என்றாள். அது சமையலறை ஆணியில் தொங்கியது. கொஞ்ச நாளில் அதற்குள் காய்ந்த மிளகாய் போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் ஒருநாள் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர்கள் ரோட்டில் வண்டியை நிறுத்திப் பிடித்தார்கள். ஆர்.சி. புக்கில் இரண்டு பேர் என்று போட்டிருக்கிறது, வண்டியில் ஒரு சீட்டுதான் இருக்கிறது, மட்கார்டு இல்லை, கண்ணாடி இல்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிக் கொண்டுவந்து காட்டு, இல்லாவிட்டால் ஆர்.சி.யையே ரத்து செய்வோம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். அத்திம்பேர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பழைய பாகங்களையெல்லாம் ஆக்ரிக்காரனிடம் பழைய இரும்பாகப் போட்டாயிற்று. மறுபடியும் முற்றம், மறுபடியும் தீப்பொறி. சாலைக் கடைத்தெருவில் குழாய் வாங்கிவந்து, வளைத்து, அறுத்த இடத்தில் வைத்து அவரே வெல்டிங் அடித்தார். ஒட்டின இடத்தில் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தார். எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதன் மேல் ஒரு நீள சீட்டு, கீழே புது மட்கார்டு, முன்னால் இரண்டு கண்ணாடிகள்.

அந்த உறையையும் அக்காதான் தைத்தாள். இந்தத் தடவை ஊசி உடையவில்லை, தடிமனான ஊசி வாங்கி வைத்திருந்தாள். பின்பாதியில் ரெட்டைத் தையல் போட்டாள். என்னிடம் ஃபோனில், "சொன்னபடி பண்ணித் தந்துட்டார் பாத்தியா, நீ என்னமோ சொன்னியே" என்றாள். நோட்டீஸ் வந்ததால்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் குரலைக் கேட்டுவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

வண்டியைக் காட்டி, சரி என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். வருகிற வழியிலேயே கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடைசியாக ஒரு தடவை ஊர் சுற்றிவிட்டு சீட்டைப் பிரிக்கலாம் என்று வண்டியைத் தெருவில் இறக்கியபோது, அக்கா வாசலில் நின்றாள். மிளகாயைக் கொட்டிவிட்டு ஹெல்மெட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மயில் கழுத்து நிறத்தில் புடவை. கையில் டப்பாவில் தயிர்சாதம்.

"பொன்முடிக்குப் போலாம்" என்றாள்.

"இன்னிக்கு வேண்டாம்."

"ஏன்?"

அந்த 'ஏன்'தான் எல்லாம். இதற்குப் பதில் அவரிடம் இருந்தது. அந்தக் குழாய் பார்வைக்குத்தான், ஆள் கனம் தாங்குமா என்று எனக்கே தெரியாது, ஏறாதே என்று சொல்லியிருக்க வேண்டும். தன் கையால் பண்ணின ஒன்று உறுதியில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். "சரி, ஏறு" என்றாராம்.

இதற்குமேல் நடந்ததை அக்கா எனக்குச் சொன்னது ரொம்ப நாள் கழித்து. நெடுமங்காடு தாண்டி, விதுரை தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கிற வரைக்கும் அவள் அவர் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, வெட்கமாக இருந்ததாம். வளைவுகளில்தான் பிடித்துக்கொண்டாள். "நன்னா இருந்ததுடி. காத்து ஜில்லுனு. தேயிலை வாசனை. அவர்கூட ஏதோ பாட்டு முணுமுணுத்துண்டு வந்தார்." மழை அரித்த ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அவளுக்குக் கீழே சீட்டு சட்டென்று உள்ளே போயிற்று. அடுத்த நிமிஷம் அவள் ரோட்டில் கிடந்தாள். வண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்தலையா?"

"நிறுத்தினார். அடுத்த வளைவுக்கிட்ட. சீட்டு தொங்கி டயர்ல உரசற சத்தம் கேட்டிருக்கு. இறங்கி வண்டிக்கு அடியில பாத்தார். அப்புறம்தான் என்னைப் பாத்தார்."

தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி ஹெல்மெட்டைக் கழற்றி, அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அசையாதீங்கம்மா, எங்க வலிக்கு? இந்தா, ஜீப்புக்கு ஆள் போயிருக்கு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்திருக்கிறாள். "யாரும்மா கூட வந்தது?" என்று கேட்டதற்கு அக்கா கையைக் காட்டினாளாம். அவர் அப்போது தொங்கின சீட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஜீப்பில் அக்கா முன்னால் போனாள். அவர் வண்டியில் பின்னால் வந்தார். அவர்கள் வாழ்க்கையில் அவள் முன்னால் போனது அன்று ஒருநாள்தான்.

ஆஸ்பத்திரிக்கு நானும் அம்மாவும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எப்படி விழுந்தது என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள், "எங்ஙனெயா வீணது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்திம்பேர் முந்திக்கொண்டு வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். "பாத்ரூமில் வழுதி வீணதா."

டாக்டர் சின்ன வயசுப் பெண். அக்காவின் தலைமுடியிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பாத்ரூமில் தேயிலயோ?"

 அக்கா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சினார். அந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வண்டிக்காகக் கெஞ்சினார். பழையபடி ஆக்கிவிட்டேன் என்று எழுதி வாங்கின ஈரம் காயவில்லை, விபத்து என்று கேஸ் ஆனால் வண்டி போய்விடும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "அதே, பாத்ரூம்" என்றாள்.

வராந்தாவில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அத்திம்பேரே ஆச்சு? நிஜத்தைச் சொல்லுங்கோ."

சொன்னார். தயக்கமே இல்லாமல், பிளக் மாற்றுவது எப்படி என்று சொல்கிற மாதிரி சொன்னார். "குழாயும் குழாயும் சேர்ற இடத்துல உள்ள ஒரு துண்டுக் குழாய் செருகி அடிக்கணும். அதுதான் பலம். வெளில தெரியாததுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். இன்ஸ்பெக்டர் ஏறி உக்காரப் போறாரா என்ன?"

"அக்கா ஏறி உக்காந்தாளே."

 "அதுக்காகப் பண்ணின சீட்டு இல்லையே அது" என்றார்.

இடுப்பு எலும்பில் பிளேட் வைத்தார்கள். அக்காவை நாங்கள் வலியசாலைக்கே கூட்டிக்கொண்டு வந்தோம். பாத்ரூமில் விழுந்தாள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவி, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாத்ரூமைப் பற்றியே பேசினார்கள். டைல்ஸ் போட்டதே தப்பு என்றார்கள். கைப்பிடி வைக்கச் சொன்னார்கள். ஒரு மாமி வழுக்காத ரப்பர் மிதியடி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். அக்கா எல்லோருக்கும் தலையாட்டினாள். அவர் வாரம் ஒருமுறை வருவார். கட்டிலுக்கு அடியில் குனிந்து, நடக்கப் பழகுகிற வாக்கரைத் தூக்கிப் பார்த்து, அதன் ரப்பர் குமிழ்களைத் திருகிப் பார்ப்பார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி மூலையில் வைப்பேன்.

அக்கா கைத்தடியோடு நடக்கும் அளவுக்குத் தேறின பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிச் சத்தம் கேட்டது.

"சரியாயிடுத்தோல்லியோ? வா, போலாம்" என்றார் வாசலிலிருந்தே.

அம்மா முந்தின நாளே பெட்டி கட்டி வைத்திருந்தாள். ஆம்படையான் கூப்பிடும்போது போகாமல் இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அவள் கவலை. அக்கா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்கு வந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். பக்கத்து வீட்டு மாமி கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. பின்னால் சக்கரம் மட்டும் தெரிந்தது. நீள சீட்டு இல்லை. பழைய ஒற்றை சீட்டு, அக்கா கட்டம் கட்டமாகத் தைத்துக் கொடுத்த அதே உறை. ஒட்டின குழாயை அடியோடு அறுத்து, விளிம்பை நன்றாகத் தேய்த்திருந்தார்.

"பாத்தியா?" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "பழையபடி ஆக்கிட்டேன். இனிமே இதுலேர்ந்து யாரும் விழ முடியாது."

அவர் இதை அவளுக்காகச் செய்த நல்ல காரியமாகவே நினைத்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டு மாமி, "போயிட்டு வாடி குழந்தே. பாத்ரூம்ல மட்டும் பாத்து நட" என்றாள்.

"நான் பாத்ரூம்ல விழலை மாமி" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாக இருந்தது. "பொன்முடி ரோட்ல விழுந்தேன். இந்த வண்டியிலேர்ந்து. இவர் பண்ணின சீட்டு உடைஞ்சு."

மாமியின் கையிலிருந்து கோலமாவு கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அத்திம்பேர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அது எதுக்கு இப்போ?" என்றார்.

 அக்கா வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். சீட்டு இருக்க வேண்டிய இடத்தில், சக்கரத்துக்கு மேல் வெறும் காற்றில், உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"போலாம்னேளே. எதுல?"

"நீ ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துடு. நான் முன்னாடி போய்க் கதவைத் திறந்து வைக்கறேன்."

"சரி" என்றாள் அக்கா. கல்யாணங்களுக்குக் கிளம்பும்போது சொல்வாளே, அதே மாதிரி, அதே சிரிப்போடு சொன்னாள். "நீங்க முன்னாடி போங்கோ."

அவர் வண்டியை உதைத்தார். அக்கா என் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். திரும்பி வீட்டுக்குள் போனாள். தெரு முனை வரைக்கும் அவர் நிதானமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு தடவை பின்னால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வண்டியில் கண்ணாடி இல்லை.